மறு: ‘பெட்டிங்’ (bedding) – எல்லாத் துறைக்கும் ஒரே சொல்லா?

> ‘படுக்கை விரிப்பு’ என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

வேண்டாம் ஐயா. விரிப்பு என்பது மேலே போடும் துணி மட்டும். மெத்தை, தலையணை, உறை, போர்வை, கம்பளியெல்லாம் விட்டுப்போகும். ‘படுக்கை’ என்றாலே போதும். “படுக்கையைச் சுருட்டி வை” என்றால் யாரும் கட்டிலைத் தூக்குவதில்லை. படுக்கையையும் கட்டிலையும் குழப்பியது கடைப் பெயர்ப்பலகைதான். ஏற்காட்டு விடுதிக்குப் பராமரிப்புக் குறிப்பு எழுதினால் இந்த வேறுபாடு அவசியம்: ஈரம் ஏறுவது படுக்கையில், காற்றுப் புக வேண்டியது கட்டிலுக்கு அடியில். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் இரண்டு பக்கமும் காய வைத்துத் தட்ட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை உறைக்குள் திணித்தால் பஞ்சு கட்டிதட்டும், பூஞ்சை வாடையும் போகாது.

> கோழிக் கொட்டகைக்கும் படுக்கையா அண்ணா?

அங்கே கூளம்தான். தரையில் கூளம் பரப்பிக் கோழி வளர்ப்பதற்கு ‘ஆழ்கூள முறை’ ஏற்கெனவே நிலைத்த சொல், அதைக் கலைக்கக் கூடாது. குஞ்சு விடும்போது உமியோ மரத்தூளோ 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புவார்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், பிடிக்கவே பிடிக்காமல் தூசி பறந்தால் உலர்வு அதிகம். லேசாக ஒட்டி உதிர்வதே பதம். ஈரக் கூளத்தில் அமோனியா கிளம்பிக் கண் எரியும், பாதம் புண்ணாகும், இரத்தக்கழிச்சலும் பிடிக்கும். பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்க்கு அடியில்தான் கட்டிதட்டத் தொடங்கும். அந்த இடத்தை மட்டும் வாரிவிட்டுப் புதுக்கூளம் போட்டு, மற்றதைக் கிளறிவிட வேண்டும்.

> குழாய் பதிக்க அடியில் போடும் மணலுக்கு ‘அணை’? தலையணை, பஞ்சணை போல.

அழகான சொல்தான். ஆனால் மேட்டூர் இருக்கும் மாவட்டத்தில் ‘குழாய் அணை’ என்றால் வேறு அர்த்தம் போய்விடும்! ‘அடிமணல்’ என்பதும் சரிவராது, சல்லியும் கான்கிரீட்டும் போடுகிறார்களே. ‘தாங்குபடுகை’ என்கிறேன். சேலத்துப் பாறைத் தரையில் பள்ளத்தைக் கூடுதலாக 10–15 செ.மீ. ஆழம் தோண்டி, கல் இல்லாத மணலை நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். அடுத்த குழாயைச் செருகும் அகன்ற வாய்ப்பகுதி வரும் இடத்தில் சிறு குழியும் தேவை. குழி இல்லாவிட்டால் குழாய் இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கும், மேலே மண் ஏறியதும் நடுவில் விரிசல் விடும்.

நிலவியலில் வண்டல் படிந்து உண்டான பாறை அடுக்குக்கு ‘படிவடுக்கு’. ஆனால் பட்டியலில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் சேர்வராயன் மலை எடுத்துக்காட்டை நீக்கிவிடுங்கள். அங்குள்ள சார்னோக்கைட் உருமாறிய பாறை. அதில் தெரியும் பட்டைகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வந்தவை, வண்டல் படிந்த அடுக்கு அல்ல.