கொசுப்புகை அடிக்கும் வண்டியா, தண்ணீர்த் தொட்டி மூடியா? வடசென்னை மலேரியாவும் ராஸ்–மெக்டொனால்ட் கணக்கும்

கொருக்குப்பேட்டை கணக்கன்:
மலேரியாவைக் குறைக்க, கொசு முட்டையிடும் தண்ணீர்த் தொட்டியின் மூடியை மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறிப் பார்ப்பதைவிட, புகை அடித்து வளர்ந்த கொசுவைக் கொல்வதுதான் பலன் தரும். 1950களில் மலேரியா ஆய்வாளர் மெக்டொனால்ட், ராஸின் பரவல் சூத்திரத்தை விரித்துக் காட்டியதே இதுதான். 28 டிகிரி செல்சியஸில் வைவாக்ஸ் என்ற மலேரியா கிருமி கொசுவுக்குள் முதிர ஏறக்குறைய 8 நாள் ஆகும். தினமும் 90% கொசு பிழைத்தால் அந்த 8 நாளைத் தாண்டுவது 43%. பிழைப்பு 80% ஆனால் தாண்டுவது 17%தான். அதன்பின் மிஞ்சும் சராசரி ஆயுளும் ஒன்பதரை நாளிலிருந்து நாலரைக்கு இறங்கும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், பரவல் எண் (கொசுக்கள் நோயைப் பரப்பும் திறனின் அளவு) ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பரவலும் பாதிதான் குறையும்.

மூடி போடு:
கணக்கு சரி. ஆனால் அந்த 80%ஐப் புகை வண்டி தராது. சூத்திரம் கேட்பது தினசரிச் சாவு. மாதம் ஒருமுறை அடித்து, அன்று இருந்த கொசுவில் பாதி செத்ததாகவே வையுங்கள். தினசரிப் பிழைப்பின் சராசரி 90லிருந்து 88க்குத்தான் வரும். எண்ணிக்கை குறைவதையும் சேர்த்தாலே பரவல் சுமார் 44% இறங்கும். உற்பத்தியைப் பாதியாக்கும் மூடி 50% தருகிறது, அதுவும் நிரந்தரமாக.

கொருக்குப்பேட்டை கணக்கன்:
மாதம் ஏன்? வாரம் ஒருமுறை அடித்தால் அதே பாதிச் சாவு பிழைப்பை 81.5க்குக் கொண்டுவரும்.

மூடி போடு:
பாதி செத்தால்தானே! இங்கே மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி வீட்டுக்குள் இருட்டு மூலையில் உட்காரும் கொசு. வண்டிச் சத்தம் கேட்டதுமே வியாசர்பாடியில் கதவு, ஜன்னலெல்லாம் சாத்திவிடுகிறார்கள். 10% செத்தால் வாரா வாரம் அடித்தும் 88.7தான். நீங்கள் சொல்லும் தினசரிச் சாவு வேண்டுமென்றால் உள்சுவரில் ஒட்டி நிற்கும் மருந்து அடிக்க வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. அதற்கு வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும்.

கொருக்குப்பேட்டை கணக்கன்:
சுவர் மருந்து என்றால் எனக்கும் சம்மதமே. ஆனால் உங்கள் 50%உம் எல்லாத் தொட்டியும் ஒரே அளவு கொசு தருவதாக நினைத்துப் போட்ட கணக்கு. புழு மண்டிய சில தொட்டிகளைத் தவறவிட்டால், பாதித் தொட்டியை மூடியும் உற்பத்தி பாதியாகாது.

ஓட்டேரி:
இரண்டு பேருமே உள்ளீட்டைப் பார்க்கவில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் மாலையில் மொய்ப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ், மலேரியாவைப் பரப்பாத வேறு வகைக் கொசு. அதை எண்ணிக் கணக்கில் போட்டால் மலேரியாவுக்குப் பொருளே இல்லை. இன்னொன்று, வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கி மாதங்கள் கழித்தும் எழும். குளோரோகுயின் மாத்திரை அந்தத் தூங்கும் கிருமியைத் தொடாது; அதைக் கொல்லும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் முடிக்காதவருக்கு மறுபடி வரும் காய்ச்சலைப் புதுத் தொற்றாக எண்ணினால் பரவல் எண் ஊதிப்போகும். கொசுவே பிறக்காத தெருவிலும் நோயாளி வந்துகொண்டிருப்பார். முதலில் ஒவ்வொரு நோயாளியிடமும் முந்தைய ஓராண்டில் மலேரியா வந்ததா, மாத்திரையை முடித்தாரா என்று கேட்டு இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். புதுத் தொற்றுப் பட்டியலை மட்டும் கணக்கில் பொருத்துங்கள்.