ஆஸ்கர் மீன்களுக்கு ஆறடித் தொட்டி: தளம், கண்ணாடி, ஃபில்டர் பற்றிய ஐயங்கள்

கேள்வி:
வணக்கம். மூன்றடித் தொட்டியில் வளரும் என் இரண்டு ஆஸ்கர் மீன்களும் ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்துக்கு வளர்ந்துவிட்டதால், திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் உரசுகிறது. ஆகவே ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட தொட்டியை முதல் மாடியில் அமைக்க எண்ணியுள்ளேன். தளம் தாங்குமா, கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், எந்த ஃபில்டர் பொருந்தும்? ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷ் குஞ்சையும் சேர்த்து வளர்க்கலாமா?

பதில் 1:
முதலில் கேட்ஃபிஷ் எண்ணத்தைக் கைவிடுங்கள். விரல் நீளத்தில் விற்கப்படும் அந்தக் குஞ்சு ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. வாயில் அடங்கும் எதையும் விழுங்கிவிடும். அதற்கு ஆறடித் தொட்டியும் சிறைதான். ஆஸ்கர் 30 செ.மீ. அளவில் நின்றுவிடும் என்பதால், நீங்கள் சொல்லும் தொட்டி இரண்டுக்கும் நிறைவாகப் போதும்.

தளத்தைப் பொறுத்தவரை, இத்தொட்டி விளிம்புவரை நிறைந்தால் சுமார் 680 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, ஸ்டாண்டு, மணல் எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவை நெருங்கும். வீட்டு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான பாரத்துக்கே வடிவமைக்கப்படுகிறது. இங்கோ ஒரு சதுர மீட்டரைச் சற்றே மிஞ்சிய இடத்தில் மொத்தப் பாரமும் இறங்குகிறது. சுவரை ஒட்டி, பீமின் மேலேயோ அதற்குக் குறுக்காகவோ வைத்தால் பாரம் பரவும் என்றாலும், கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் தண்ணீர் நிரப்ப வேண்டாம். தரைத்தளத்தில் இடமிருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பதில் 2:
கண்ணாடி 12 மி.மீ. இருக்கட்டும், மேல்விளிம்பில் நீளவாட்டிலும் குறுக்கிலும் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டப்பட வேண்டும். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, அடிக்கண்ணாடியின் கீழ் தெர்மாகோல் விரித்துவிடுங்கள்.

ஆஸ்கர் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் என்பதால் சம்ப் ஃபில்டரே (தொட்டிக்குக் கீழே தனியாக வைக்கும் வடிகட்டும் தொட்டி) ஏற்றது. மணிக்குத் தொட்டி நீரைப் போல் ஐந்து மடங்காவது சுற்றவைக்கும் பம்ப் வேண்டும். சம்ப் அமைப்பவர்கள் பலர் கவனிக்கத் தவறுவது மின்வெட்டைத்தான். பம்ப் நின்றதும், சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் குழாயின், தொட்டி நீருக்குள் மூழ்கியிருக்கும் வாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் சைஃபன் முறையில் பின்னோக்கி இறங்கி, சம்ப் நிரம்பி வழிந்துவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அக்குழாயில் சிறு துளையிட்டால், மட்டம் அங்கு இறங்கியவுடன் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும். அதுவரை இறங்கும் நீருக்கு சம்ப்பில் எப்போதும் இடம் விட்டிருக்க வேண்டும். துளையில் பாசி அடைக்கும். அவ்வப்போது ஊசியால் குத்திவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கேட்ஃபிஷ் வேண்டாமென முடிவுசெய்துவிட்டேன், பொறியாளரையும் அழைக்கிறேன். தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன்களை மாற்றலாமா?

பதில் 3:
கூடாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புது ஃபில்டரில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உங்களிடம் பழைய தொட்டி ஓடிக்கொண்டிருப்பது பெரும் வசதி: அந்தப் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கும் அதன் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்நீரில் கழுவாமல் அப்படியே சம்ப்பில் போட்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சுழியம் காட்டிய பின் மீன்களை மாற்றி, முதல் சில நாட்கள் தீனியைப் பாதியாகக் குறைத்து, நாள்தோறும் நீரைச் சோதித்து வாருங்கள்.