பாட்டு இலவசம்னா காசு எங்கிருந்து வருது? பார்த்ததைச் சொல்லுங்க

மெட்டுப்பெட்டி:

தனிப்பாட்டு போடுற ஒரு பையன். சொந்த வரி, சொந்த மெட்டு, சொந்த சேனல். டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா எல்லா ஆப்லயும் ஏத்தியாச்சு. ரெண்டு நாள்ல யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டுக்கு நேரே 'காப்புரிமை'ன்னு நிக்குது. யாரு உரிமை கேட்டிருக்கான்னு தட்டிப் பார்த்தா, எந்த ஊர்னே தெரியாத ஒரு ஹிப்ஹாப் ஆளோட பேர். பொருந்துற இடம் 0:00 முதல் 0:11. அந்தப் பதினோரு செகண்டில் இருக்கிறது ஒரு தம்புராவும் உடுக்கைச் சத்தமும் மட்டும்தான். வரப்போற விளம்பரக் காசு முழுக்க அந்த ஆளுக்கு.

நடந்தது இதுதான். தம்புராவும் உடுக்கையும் ஒரு ராயல்டி ஃப்ரீ லூப் பேக்கில் (யார் வேணும்னாலும் பாட்டில் சேர்த்துக்கிற ரெடிமேட் சத்தத் தொகுப்பு) இருந்து எடுத்தது. அதே லூப்பை அந்த ஆளும் எடுத்து, தன் பாட்டை கன்டென்ட் ஐடியில், அதாவது ஒரே சத்தம் வேற வீடியோவில் வந்தா தானா கண்டுபிடிக்கிற யூடியூப் ஏற்பாட்டில் சேர்த்திருக்கான். கன்டென்ட் ஐடிக்கு லூப் யாருதுன்னு தெரியாது. முதலில் யார் ரெஃபரன்ஸ் கொடுத்தாங்களோ அவங்களைத்தான் நம்பும். எல்லாருக்கும் லைசென்ஸ் ஆகிற லூப் பளிச்சுனு தனியா கேட்கிற பாட்டை அதில் சேர்க்கவே கூடாதுன்னு யூடியூப் விதியிலேயே இருக்கு. அப்லோடு ஃபார்மில் அந்தக் கட்டத்தை யாரும் படிக்கிறதில்லை, டிக் போட்டுட்டுப் போயிடுறாங்க.

இப்படி வந்தா 5 நாளைக்குள் டிஸ்பியூட் (மறுப்பு) போடணும். போட்டா கிளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்து வந்த காசை யாருக்கும் கொடுக்காம யூடியூப் பிடிச்சு வைக்கும். ஆறாவது நாள் போட்டா அன்னையிலிருந்துதான் பிடிக்கும், முன்னாடி வந்தது போனதுதான். எதிராளிக்கு 30 நாள் டைம். பதிலே வரலைன்னா கிளெய்ம் தானா விழுந்துடும். லூப் பேக்கோட லைசென்ஸ் பக்கம், வாங்கின ரசீது, ப்ராஜெக்ட் ஃபைலோட ஸ்க்ரீன்ஷாட், இந்த மூணையும் பாட்டு ரிலீஸுக்கு முன்னாடியே ஒரே ஃபோல்டரில் போட்டு வைங்க.

உறுமிக்காரன்:

தென் மாவட்டத்துல ஒரு நாட்டுப்புறப் பாடகி. அவங்க பாட்டு ஓடாத டவுன் பஸ் இல்லை. வியூஸ் கோடியில போகுது, ஆனா சேனல் வீடியோ எடுத்தவரோடது. அவங்க வீட்டுல இருந்த அக்ரிமென்டை விரிச்சா இருபது ரூபாய் பத்திரத்துல ஒரு வரி: "பாடல் சம்பந்தப்பட்ட சகல உரிமைகளையும் உலகம் உள்ளவரை". கீழே கையெழுத்து. தொகை எழுத வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடம்தான் இன்னும் கண்ணுல நிக்குது.

இதை எல்லாம் போச்சுன்னு எடுத்துக்க வேண்டாம். காப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவுப்படி எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு காசுன்னு எழுத்துல இருக்கணும். காலம் எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ளதான். வாங்கினவர் ஒரு வருஷம் அதை வச்சு ஒண்ணுமே செய்யலைன்னா, பத்திரத்துல வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய உரிமை திரும்பிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில சரிபாதி வாங்குற உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிச்சுக் கொடுக்கிற காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்க முடியும்.

இந்தக் கேஸுல சிக்கல் வேற. மெட்டு பாட்டி காலத்து மெட்டு, யாருக்கும் சொந்தமில்லை. அப்போ காசு ஒலிப்பதிவுலதான் இருக்கு. ஒலிப்பதிவு பாடினவருக்குச் சேராது, முன்கையெடுத்துப் பொறுப்பேத்துப் பதிவு பண்ணினவருக்குத்தான் சட்டப்படி சேரும். நடைமுறையில ஸ்டுடியோவுக்குக் காசு கட்டினது யாருன்னுதான் முதல்ல கேட்பாங்க. ஸ்டுடியோ வாடகை மூவாயிரமோ அஞ்சாயிரமோ, அதை நீங்க கட்டி உங்க பேர்ல பில் வாங்குங்க.

ரீல்கேசட்:

மெட்டுப்பெட்டி, அந்தப் பதினோரு செகண்டை மீட்டு என்ன வரப்போகுது? எல்லாரும் தப்பான இடத்துல தோண்டுறீங்க. ஸ்பாட்டிஃபையில 2024-லிருந்து ஒரு பாட்டு முந்தைய 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தொடலைன்னா அதுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. 10 பாட்டு போட்டு ஒவ்வொண்ணும் 900 ஓடினா மொத்தம் 9,000 ஸ்ட்ரீம், கைக்கு வர்றது பூஜ்யம். அதே 9,000 ஒரே பாட்டுக்கு வந்தா கணக்குல ஏறும். ஆனாலும் மொத்தமா பத்துப் பாட்டை ஒரே நாள்ல கொட்டுறவங்கதான் அதிகம்.

பார்த்த ஒண்ணைச் சொல்றேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில ஒரு பெரியவர், மேசைமேல சரிகமங்கிற பழைய இசைக் கம்பெனியோட கார்வான், பாட்டு ஏத்தின ரேடியோ மாதிரிப் பெட்டி. குமிழைத் திருப்பினா ஒரு பாடகர், இன்னொரு தட்டு திருப்பினா இன்னொருத்தர். பக்கத்துல பேரன், "தாத்தா, இதெல்லாம் யூடியூப்ல சும்மாவே இருக்கு"ங்கிறான். தாத்தா காதுலயே வாங்கலை, பர்ஸை எடுத்துட்டாரு. 2017-ல வந்த பெட்டி அது, உள்ளே 5,000 பாட்டு. இலவசமா கிடைக்கிற பாட்டை ஆறாயிரம் ரூபாய் சுமாருக்கு வித்தாங்க. தேட வேண்டாம், நெட் வேண்டாம், விளம்பரம் இல்லை. காசு அதுக்குத்தான்.

இது பழைய கம்பெனிக்கு மட்டும் நடக்கும்னு சொல்லாதீங்க. நைன் இன்ச் நெயில்ஸ்னு ஒரு அமெரிக்க ராக் குழு, 2008-ல கம்பெனியே இல்லாம ஒரு ஆல்பம் விட்டாங்க. முதல் 9 ட்ராக் இலவசம். மொத்த 36-ம் டவுன்லோடு 5 டாலர், ரெண்டு சிடி 10 டாலர், டீலக்ஸ் 75 டாலர். கையெழுத்துப் போட்ட பெட்டி 300 டாலர், 2,500 பெட்டி மட்டும். அது மூணு நாளைக்குள்ள தீர்ந்துபோச்சு. அந்த ஒரு படியில மட்டும் 7,50,000 டாலர். பேர் ஏற்கெனவே இருந்த குழு, நம்ம ஆளுக்கு அவ்வளவு ஓடாது, ஒத்துக்கறேன். ஆனா விலைப் படிக்கட்டு எல்லாருக்கும் பொதுதான். கீழ்ப்படியில இலவசம், மேல்படியில கொஞ்சமே கொஞ்சம் சரக்கு.

நம்ம ஊருக்கு இப்படிப் போடலாம்:

கலைஞரே ரசிகருக்கு நேரா விக்கிற தளம் பேண்ட்கேம்ப். டிஜிட்டலுக்கு 15 சதவீதம், டி-ஷர்ட் மாதிரி பொருளுக்கு 10 சதவீதம் எடுக்கும், அதுபோக பேமென்ட் கட்டணம். 10 டாலர் ஆல்பத்துல 8 டாலர் கிட்ட நிக்கும். பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைன்னு அறிவிக்கிற நாள்ல அவங்க பங்கை விட்டுடுவாங்க, புது ரிலீஸை அன்னைக்கு வைங்க. எல்லாரும் கோட்டை விடுற இடம் பேபால், பேண்ட்கேம்ப் காசு கைக்கு வர்ற வழி அது. 2021 ஏப்ரலோட உள்நாட்டுப் பரிமாற்றத்தை அவங்க நிறுத்திட்டாங்க. இந்திய ரசிகர் இந்தியக் கலைஞருக்கு அதுல காசு அனுப்ப முடியாது. அதனால பேண்ட்கேம்ப் வெளிநாட்டு ஆட்களுக்கு. உள்ளூருக்கு க்யூஆர் அட்டை, பக்கத்துல பென்டிரைவ்.

பென்டிரைவைக் கேலி பண்ணாதீங்க. கார்லயும் வேன்லயும் இன்னும் அதான் ஓடுது. ரெண்டு விஷயம் முக்கியம். ஃபார்மட் FAT32-ல, அதாவது ஃபேட் 32-ல இருக்கணும், எக்ஸ்ஃபேட்னா பழைய கார் ஸ்டீரியோ படிக்காது. ஃபைல் பேருக்கு முன்னாடி 01, 02-ன்னு நம்பர் போடுங்க. 1, 2-ன்னு போட்டா சில செட்டுல 1 முடிஞ்சதும் 10 பாடும். பாட்டோட சேர்த்து வரி புத்தகம், கரோக்கி ட்ராக் வைங்க. கரோக்கிக்காகவே வாங்குற கூட்டம் இருக்கு.

கனடாக்காரன்:

டொரொன்டோவில நடந்த ஒரு தமிழ் இசை நிகழ்ச்சி. மண்டபம் நிறைஞ்ச சனம். டிக்கெட் காசில 3 வீதம் சோக்கனுக்கு, அதாவது கனடாவின்ர இசைக் காப்புரிமைச் சங்கத்துக்குக் கட்ட வேணும், கட்டியும் போட்டினம். பிறகு பாட்டுப் பட்டியல் கேட்டு ஒரு படிவம் வந்தது. அமைப்பாளர் நிரப்பின படிவத்தைப் பார்த்தால், 'இசையமைப்பாளர்' எண்ட இடத்தில வரிசையா 'ரஜினி, ரஜினி, விஜய், ரஜினி'.

சிரிக்கலாம், ஆனா அதுதான் காசு துலையிற இடம். அந்த 3 வீதம் பாடினவருக்கு எண்டு கட்டிறதில்லை, எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் கட்டிறது. பேர் பிழையெண்டால் காசு ஆரிட்டையும் போய்ச் சேராமல் அங்கையே கிடக்கும். பட்டியலில பாட்டின்ர முதல் வரி, படத்தின்ர பேர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் நாலும் வேணும். உறுப்பினராய் இருக்கிற ஆக்கள் தங்கட சொந்தப் பாட்டை மேடையில பாடினால் தாங்களே பட்டியல் குடுக்கலாம். இஞ்ச இருக்கிற எங்கட பெடியள் கனபேர் அதைச் செய்யிறேல்லை.

வரிக்கணக்கு:

சுருக்கமா சொல்றேன். யூடியூப் காசு வாங்குறவங்க ஆட்சென்ஸில் (அந்தக் காசைக் கொடுக்கிற கூகுள் கணக்கு) அமெரிக்க வரிப் படிவத்தை (டபிள்யூ-8பென்) நிரப்புங்க. ஒரு மாசம் 1,000 டாலர் வருது, அதில் அமெரிக்கப் பார்வையாளரால் வந்தது 100 டாலர்னு வைங்க. படிவம் இல்லைன்னா மொத்தத்தில் 24 சதவீதம் வரை, அதாவது 240 டாலர் போகலாம். படிவம் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டினா அந்த 100-க்கு மட்டும் 15 சதவீதம், 15 டாலர். பான் கார்டில் இருக்கிற பேரை அப்படியே போடணும், மேடைப் பேர் போட்டா திரும்பி வரும்.

பாஸ்லைன்:

ரீல்கேசட் அண்ணே, பென்டிரைவ் விக்கிறவன் மேடை ஏறுறவன். வீட்டுல உட்கார்ந்து வரி எழுதுறவங்க எந்த மேடைல போய் க்யூஆர் அட்டை வைப்பாங்க? கனடாக்காரன் சொன்ன பக்கம்தான் அவங்களுக்குச் சோறு. இங்கே அதுக்கு ஐபிஆர்எஸ், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலிக்கிற சங்கம். 1969-ல ஆரம்பிச்சது, 2017-ல மறுபடி காப்புரிமைச் சங்கமா பதிவாச்சு. ஒரு பாடலாசிரியர் உறுப்பினர் ஆகி ரொம்ப நாள் ஆகியும் பைசா வரலைன்னு திட்டிக்கிட்டே இருந்தார். அவரோட லாகினைத் திறந்து பார்த்தா 'படைப்புகள்' பக்கத்துல ஒரு பாட்டுகூட இல்லை. உறுப்பினர் ஆனா போதும்னு நினைச்சிருக்கார். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா பதியணும், கூட வேலை செஞ்சவங்க பங்கு சதவீதத்தோட. ரெண்டு பேர் ஆளுக்கு 60-ன்னு பதிஞ்சா கூட்டினா 120 வரும், சண்டை தீர்ற வரைக்கும் பணம் நிக்கும். அதனால ரெக்கார்டிங் அன்னைக்கே ஒரு தாள்ல சதவீதம் எழுதிக் கையெழுத்து. பாடகருக்கு இதுல பங்கு இல்லை, அவங்களுக்கு 2013-ல வந்த பாடகர் உரிமைச் சங்கம் தனி. கல்யாணக் கச்சேரியை எதிர்பார்க்காதீங்க, கல்யாணத்துக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு.

இன்னொண்ணு, ப்ளேலிஸ்ட் ப்ரமோஷன்னு காசு வாங்குறவங்க. ஒரு பையனுக்கு ஒரே வாரத்துல ஸ்ட்ரீம் எகிறிச்சு. எந்த ஊர்லேர்ந்துன்னு பார்த்தா முக்கால்வாசி ஒரே வெளிநாட்டு நகரம், தமிழ் கேட்கிற ஆளே இருக்க வாய்ப்பில்லாத இடம். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டேர்ந்து மெயில்: செயற்கை ஸ்ட்ரீம், பாட்டை எடுத்தாச்சு, அபராதம் உங்க கணக்குல. ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுது, அவங்க நம்ம தலையில கட்டுறாங்க. பாட்டைத் தங்க லிஸ்டுல சேமிச்சவங்க எண்ணிக்கை ஏறாம ஸ்ட்ரீம் மட்டும் ஏறினா அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட்டோட டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதிடுங்க. அவங்க மெயில் வந்த பிறகு எழுதினா எடுபடாது.

ரீல்கேசட்:

பாஸ்லைன், காலர் ட்யூன் காலத்துலயும் இதே பேச்சுதான் பேசினாங்க. மாசம் முப்பது ரூபாய்னு வித்ததை ஜியோ வந்து சும்மா கொடுத்ததும் அந்தக் கணக்கு என்ன ஆச்சு? அடுத்தவன் கடையை நம்பினா இதான்.

உறுமிக்காரன்:

ரெண்டு பேரும் அங்க தனியா சண்டை போடுங்க. தனிச்செய்தியில ஒருத்தர் கேட்டிருக்கார், ஸ்டுடியோவுக்கு ஜிபேயில அனுப்பினது போதுமா, பில் வேணுமான்னு. ஜிபே காசு போனதைத்தான் காட்டும், எதுக்குப் போச்சுன்னு காட்டாது. பாட்டுத் தலைப்பு, பதிவு தேதி, "ஒலிப்பதிவின் தயாரிப்பாளர்" என்று உங்க பேர், இவ்வளவும் இருக்கிற மாதிரி ஒரு பில்லை ஸ்டுடியோ சீலோட வாங்குங்க. மிக்ஸ் முடிஞ்சதும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ட்ராக்கா, 24 பிட் வேவ் ஃபைல்ல அன்னைக்கே ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க. விளம்பரத்துக்கோ சீரியலுக்கோ குரல் இல்லாத வெர்ஷன் கேட்பாங்க, அப்ப ஸ்டுடியோக்காரர் "ஃபைல் அழிஞ்சுபோச்சு"ம்பார்.