சம்ப் மூடியும் மொட்டை மாடிச் சாவியும்

(வில்லிவாக்கம் அடுக்கக வாட்ஸ்அப் குழு, ஞாயிறு காலை)

எஸ்2 செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை பந்து பட்டு என் காரின் சைடு மிரர் உடைந்துவிட்டது. பார்க்கிங் விளையாடும் இடமல்ல. பிள்ளைகளைத் தயவுசெய்து பூங்காவுக்கு அனுப்புங்கள். அதற்குத்தானே பூங்கா இருக்கிறது?

எஃப்3 கலா: மன்னிச்சுக்கோங்க சார். அடித்தது எங்கள் வீட்டுப் பையன்தான், ஒப்புக்கொண்டான். மிரர் செலவு எங்களுடையது.

எஃப்1 பானு டீச்சர்: சார், ஒரு விஷயம். லீவில் பொழுது போகட்டும் என்று நம்ம பிள்ளைகளிடம் "நம்ம ஏரியாவை வரைங்க" என்றேன். எட்டுப் படம் வந்தது. பூங்கா இருப்பது ஒன்றில்தான். அதுவும் தாளின் ஓரத்தில் சின்னக் கட்டமாக, மேலே ஒரு பூட்டு. இடையில் மெயின் ரோடு ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு கிரேயானில்.

ஜி1 தாத்தா: பூட்டு சரிதானே அம்மா. காலை பத்துக்கு மூடினால் மாலை நாலுக்குத்தான் திறக்கிறான். திறந்தாலும் "பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு. உள்ளே என்னை மாதிரிக் கிழடுகள் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.

எஸ்2 செயலாளர்: பூங்காவை விட்டுவிட்டு வேறு என்னதான் வரைந்தார்கள்?

எஃப்1 பானு டீச்சர்: கலா பையன் படத்தைச் சொல்கிறேன். இருப்பதிலேயே பெரியது நம்ம சம்ப் மூடி. எந்தப் பக்கம் குதித்தால் 'டொங்' என்று சத்தம் வரும் என்பதற்கு அம்புக்குறி வேறு. அப்புறம் இஸ்திரி வண்டி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் "பந்து போனா அவுட்". தெருநாய் பிஸ்கட் தூங்கும் இடம் மட்டும் இரண்டு: காலையில் கேட்டருகே, மதியம் முருங்கைமரத்தடியில். நிழல் போகிற வழியைப் பார்த்து வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் இங்கே இருக்கிறேன், நான் கவனித்ததில்லை.

ஜி2: தண்ணீர் லாரி வந்தாச்சு. யாரும் மோட்டார் போடாதீங்க.

எஃப்3 கலா: சம்ப் மூடி மேல் குதிக்கிறானா?! துருப்பிடித்த மூடி அது!

எஸ்2 செயலாளர்: அதை நாளைக்கே வெல்டரை வைத்து மாற்றிவிடுகிறேன். நல்லவேளை, படத்தில் போட்டான்.

எஃப்1 பானு டீச்சர்: இந்த யோசனை என்னுடையது இல்லை. 1970களில் கெவின் லிஞ்ச் என்ற நகரமைப்பு அறிஞர் யுனெஸ்கோவுக்காக நாலு நாட்டுப் பிள்ளைகளை அவரவர் ஊரை வரையச் சொன்னார். மெல்போர்ன் புறநகர்ப் பிள்ளைகளுக்குப் பரந்த புல்வெளி இருந்தது, ஆனாலும் போரடிக்கிறது என்றார்கள். அர்ஜென்டினாவின் சால்ட்டாவில் பெரிய வசதியில்லாத ஒரு பேட்டைப் பிள்ளைகள்தான் தங்கள் இடத்தைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார்கள். தெரு, தெரிந்த முகங்கள், ஒரு சின்னச் சதுக்கம், அவ்வளவுதான் அங்கே. 1990களில் பெங்களூருவில் ஒரு குடிசைப் பகுதியிலும் இப்படி விசாரித்திருக்கிறார்கள்.

ஜி1 தாத்தா: 1968இல் அண்ணா நகரில் வர்த்தகக் கண்காட்சி போட்டார்களே, அப்போது எனக்குப் பத்து வயது. டவரைப் பார்க்க அண்ணனும் நானும் இங்கிருந்து நடந்தே போய் வந்தோம். வீட்டில் கேட்டதெல்லாம் "சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?" என்று மட்டும்தான். என் பேரனுக்கும் இப்போது பத்து. எதிர்ச்சாரிப் பரோட்டா கடைக்கு அனுப்ப மாட்டோம். அனுப்பவும் முடியாது, அந்த வண்டிகளைப் பார்த்தீர்களா?

எஃப்3 கலா: டீச்சர், என் பெண் என்ன வரைந்தாள்? கேட்டால் காட்ட மாட்டேன் என்கிறாள்.

எஃப்1 பானு டீச்சர்: மாடிப்படி. அது முடியும் இடத்தில் மொட்டை மாடிக் கதவு, அதிலும் பூட்டு. தெருவே இல்லை கலா.

எஃப்3 கலா: வயசுக்கு வந்ததிலிருந்து கீழே விளையாடப் போகாதே என்று நான்தான் சொல்லிவைத்தேன். மாடிக்காவது போவாள். அதுவும் வடாம் காணாமல் போனதற்கப்புறம் பூட்டிவிட்டார்களே.

எஸ்2 செயலாளர்: வடாம் புகார் என் வீட்டிலிருந்துதான் வந்தது. சரி, சாவியை வாட்ச்மேனிடம் தருகிறேன். மாலை நாலரை முதல் ஆறரை வரை மாடி திறந்திருக்கும். கைப்பிடிச் சுவர் உயரம்தான், ஆனாலும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஜி1 தாத்தா: நான் இருக்கிறேன். பூங்காவில் சுற்றுவதை மாடியில் சுற்றினால் போயிற்று.

எஸ்2 செயலாளர்: கிரிக்கெட் மட்டும் டென்னிஸ் பந்தில்தான். டீச்சர், அந்தப் பையன் படத்தில் என் காரை எங்கே போட்டிருக்கிறான்?

எஃப்1 பானு டீச்சர்: கார் இல்லை சார். அந்த இடத்தில் "மிட் ஆன்" என்று எழுதியிருக்கிறான்.