நாற்பதாம் நாள் ஃபாத்திஹா: மார்க்கமா, ஊர் வழக்கமா?

காவிரிக்கரையான்:
அஸ்ஸலாமு அலைக்கும். ஒருவர் இறந்த மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாள்களில் அவருக்காக ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதி ஊருக்குச் சோறு போடுவதை எங்கள் தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் இன்னும் பலர் கடமைபோல் நடத்துகிறார்கள். கருமாதிக்கு நாள் குறித்த முன்னோரின் பழக்கம், கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்த பிறகும் நம்மை விட்டு அகலவில்லை. நபித்தோழர் ஜஅஃபர் (ரலி) மூத்தா போரில் ஷஹீதான (வீரமரணமடைந்த) செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நாமோ கணவனை இழந்து இத்தா எனும் காத்திருப்புக் காலத்தில் இருக்கும் பெண்ணின் வீட்டிலேயே அடுப்பு மூட்டி, அவள் கடன் வாங்கிப் போட்ட சோற்றைச் சாப்பிட்டு எழுகிறோம்.

மஹல்லாவாசி:
வ அலைக்குமுஸ்ஸலாம். சகோதரரே, மறைந்த தம் தாயாருக்காகத் தர்மம் செய்ய ஸஅத் பின் உபாதா (ரலி) அனுமதி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரியில் இருக்கிறதே? அதே தர்மத்தை, வெளியூரில் பிழைக்கும் உறவுகள் வந்து சேரத் தோதாக ஒரு நாள் குறித்துச் செய்தால் அது எப்படி வழிகேடாகும்? நிக்காஹ்வில் கருகமணி கட்டுகிறோம். ஈஜாப் கபூல் எனும் இருதரப்புச் சம்மதமும் சாட்சிகளும் இருக்கும்வரை, தாலியின் சாயல் கொண்ட அந்த மணியால் நிக்காஹ்வுக்குக் குறை ஏதும் இல்லை. மண்ணின் வழக்கம் எல்லாமே ஷிர்க் (இணைவைப்பு) ஆகிவிடாது.

காவிரிக்கரையான்:
நான் ஷிர்க் என்று சொல்லவில்லை. கருகமணி கட்டாதவர்களை யாரும் தூற்றுவதில்லை. நாற்பது வைக்காத வீட்டையோ, பெற்றவருக்கு ஒன்றும் செய்யாத பிள்ளைகள் என்று ஊரே பேசுகிறது. ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) அறிஞர் இப்னுல் ஹுமாம் அவர்களே, மய்யித் (இறந்தவர்) வீட்டார் விருந்து வைப்பதை வெறுக்கத்தக்க பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்று எழுதியிருக்கிறார். இத்தகைய வழக்கங்களை எதிர்க்கும் தவ்ஹீதுவாதிகள் கிளப்பிய புதுக் கேள்வியாக இதைத் தள்ளிவிட முடியாது.

உம்மாவின் மகள்:
இருவரும் ஆண்களின் பந்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். அத்தா மவ்த்தானபோது உம்மா நகையை அடகு வைத்துத்தான் நாற்பது வைத்தார். பந்தியில் அமர்ந்த பெரியவர்களில் ஒருவர்கூடப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஆனால், நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் வெளியே செல்ல முடியாதிருந்த அவரைத் தேடி, தெருப் பெண்கள் வந்து அமர்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதியதுதான் அவரை மீட்டது. அந்தக் கூடலையும் பித்அத் என்று நிறுத்திவிட்டால், கைம்பெண்ணின் வாசலை மிதிக்க ஊருக்கு வேறு காரணமே இராது.

மஹல்லாவாசி:
சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமைப்பதை அண்டை வீட்டாரும் ஜமாஅத்தும் ஏற்கட்டும். ஓதுவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காவிரிக்கரையான்:
தாராளமாக ஓதுங்கள், சகோதரரே. நாற்பதாம் நாள் என்று குறிக்காமல் முப்பத்தைந்தாம் நாளில் ஓத உங்கள் ஜமாஅத் சம்மதிக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.