மையப்பகுதியில் புதிதாக எழும் உயரக் கட்டடங்களுக்குக் கீழே நடப்பது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நகர மையத்தில் தினமும் நடப்பவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். நானே தொடங்குகிறேன். அலுவலகத்துக்கு நான் நடந்துபோகும் தெருவில் சின்னச் சின்னக் கடைகளை இடித்துவிட்டு நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். வேலை நடந்த காலம் முழுக்க நடைபாதையைத் தகரத் தடுப்புக்குள் எடுத்துக்கொண்டு, "எதிர்ப்புறம் செல்லவும்" என்று ஒரு பலகை வைத்தார்கள். எதிர்ப்புறம் போக சிக்னல் வெகு தூரத்தில் இருந்ததால் பள்ளிப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கான்கிரீட் கலவை லாரிகளை ஒட்டி சாலையிலேயே நடந்தோம்.

இப்போது கட்டி முடித்தாயிற்று. நடைபாதை முன்பைவிட அகலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மூன்று இடத்தில் வெட்டியிருக்கிறார்கள்: நிலத்தடி பார்க்கிங்குக்குள் போக ஒன்று, வெளியே வர ஒன்று, சரக்கு வண்டிக்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் நாம் இறங்கி ஏற வேண்டும், அதுவும் சரிவில் ஏறி வரும் காரின் ஓட்டுநருக்குக் கடைசி நொடிவரை நடப்பவர் தெரியவே மாட்டார். அங்கே நிற்கும் செக்யூரிட்டி விசில் அடித்து யாரை நிறுத்துகிறார் தெரியுமா, நடந்து வருபவரை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபன்ஹேகனில் பக்கத்துத் தெருக்கள் பெரிய சாலையைச் சேரும் பல இடங்களில் நடைபாதை அதே மட்டத்தில் தொடர்ந்து போகும், கார்தான் அதன்மேல் ஏறி இறங்கிப் போக வேண்டும். ஒரு தெருவுக்கே அப்படிச் செய்ய முடிகிறபோது ஒரு கட்டடத்தின் கார் வாசலுக்கு ஏன் முடியாது?

* * *

காற்றைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். எங்கள் பக்கம் ஒரு கண்ணாடிக் கோபுரம் வந்த பிறகு அதன் மூலையில் திரும்புவதே பெரும்பாடாகிவிட்டது. சாதாரணத் தென்றல் அடிக்கிற நாளில்கூட அங்கே குடை மடங்கிவிடும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கைத்தடியோடு நடப்பவர், அந்த மூலையில் ஒருமுறை தள்ளாடி விழப்போனார். அப்புறம் அந்த வழியையே விட்டுவிட்டார். அவருக்கு நூலகம் போக அதுதான் நேர்வழி.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தேன். மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். அது அகலமான தட்டைச் சுவரில் மோதினால் ஒரு பகுதி அருவிபோலக் கீழே பாய்ந்து, தரையில் பட்டு, மூலைகளைச் சுற்றி இன்னும் வேகமாக ஓடும். சுற்றியிருப்பவை எல்லாம் குட்டையாக இருந்து இது ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் இன்னும் மோசம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற கோபுரத்துக்குக் கீழே 2011இல் பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்துபோன ஒருவர் இறந்தே போனார். அதன் பிறகு சாலைக்கு மேலே பிரம்மாண்டமான காற்றுத் தடுப்புகளை நிறுவினார்கள். உயிர் போன பிறகு!

இத்தனைக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1985லேயே நகர மையத்துக்கு அளவு வைத்துவிட்டார்கள். நடக்கும் இடத்தில் காற்று மணிக்கு 11 மைல், உட்காரும் இடத்தில் 7 மைல், பகல் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதைத் தாண்டக் கூடாது. ஆக, மாதிரி செய்து சோதித்து முன்கூட்டியே கணிக்க முடிகிற விஷயம்தான் இது.

* * *

சுருக்கமாக எழுதுகிறேன். நான் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். எங்கள் பக்கத்துப் புதுக் கட்டடத்தின் முன் பெரிய திறந்த முற்றம் இருக்கிறது, பார்க்க அழகு. அதற்கு நான்கு படி, சாய்தளம் பின்பக்கம் குப்பை வண்டி வருகிற வழியில். தரை முழுக்கப் பளபளக்கும் கிரானைட், மழை பெய்தால் கால் உள்ளவர்களே வழுக்கி விழுகிறார்கள். நிழலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாலும் "இது தனியார் இடம்" என்று நகரச் சொல்கிறார்கள்.

* * *

நான் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேலே எழுதியவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் உயரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முதல் இரண்டு மூன்று மாடி தெருவோடு எப்படிச் சேர்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அடிப்பகுதியை அகலமாகக் கட்டி, கோபுரத்தை உள்தள்ளி எழுப்பினால் மேலிருந்து பாயும் காற்று அந்தக் கூரையில் விழுந்து அடங்கும், நடப்பவர் தலையில் விழாது. நியூயார்க்கில் 1915இல் முடிந்த ஈக்விட்டபிள் கட்டடம் தெருவையே இருட்டாக்கியது என்று எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1916 சட்டம் வந்தது. உயரப் போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

முற்றம் பற்றிச் சொன்னீர்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. அதே ஊரில் 1961 விதிப்படி முன்னால் முற்றம் விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம். ஆளாளுக்கு முற்றம் விட்டார்கள், பலவற்றில் உட்கார ஓர் இடம் கிடையாது. வில்லியம் வைட் என்பவர் கேமரா வைத்து ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாகப் பதிவு செய்து, இருக்கை உள்ள இடத்தில்தான் மக்கள் தங்குகிறார்கள் என்று காட்டினார். 1975இல் விதியைத் திருத்தி இருக்கைகளைக் கட்டாயமாக்கினார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1822 நகரத் திட்டத்திலேயே கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஐந்தடி நடைவழி விடச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கும் அங்கே பல புதுக் கட்டடங்களின் அடியில் வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். வெயில் ஊரில் ஓர் உயரக் கட்டடம் தரக்கூடிய பெரிய உதவி அதுதான்.

அனுமதிக்கு முன் வரைபடத்தைப் பொதுப் பார்வைக்கு வைக்கும் ஊராக இருந்தால் முகப்புப் படத்தைப் பார்த்து மயங்காமல் தரைத்தளப் படத்தைக் கேளுங்கள். கார் வாசல் எத்தனை, எந்தத் தெருவில், படி எங்கே, கட்டும் காலத்தில் நடப்பவருக்கு எந்தப் பக்கம் வழி, காற்றுச் சோதனை செய்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு கார் வாசலை இடம் மாற்றுவது அனேகமாக நடக்காது.

* * *

ரொம்ப நன்றி சார். எங்கள் தெருவில் அடுத்த மனையையும் காலி செய்துவிட்டார்கள், தகரம் இன்னும் அடிக்கவில்லை. தரைத்தளப் படம் கேட்டு இப்படி எழுதிக் கொடுத்து, ஒரு கார் வாசலையாவது பின்தெருவுக்கு மாற்ற வைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.