இளம் ஓவியருக்கு மூத்தவர் துணை: ஆளுக்கொரு ஆளா, எல்லாருக்கும் ஒரு வட்டமா?

பனையோலை:
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர மருதனார்மட வளாகத்தில சித்திரமும் வடிவமைப்பும் படிச்சு வெளியில வாற பிள்ளையளுக்கு முதல் அஞ்சு வருசந்தான் இடறுற காலம். வகுப்பும் இல்லை, பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கேக்க தூரிகை காய்ஞ்சு போகுது. அதால ஒரு திட்டம் வைக்கிறன். ஆறு பிள்ளையள், ஆறு மூத்த கலைஞர், ஆளுக்கொரு ஆள், பத்து மாதம். மூண்டு கிழமைக்கு ஒருக்கா மூத்தவர்தான் பிள்ளை வேலை செய்யிற இடத்துக்குப் போகவேணும். ஒரு சந்திப்பு ஒண்டரை மணித்தியாலம். அதில முதல் அரை மணி மூத்தவர் வாய் திறக்கக்கூடாது, பிள்ளைதான் வேலையைக் காட்டிக் கதைக்கவேணும். பிள்ளையின்ர படத்தில மூத்தவர் தூரிகை வைக்கவே கூடாது; ஏதும் காட்டவேணுமெண்டா வேற கடதாசியில காட்டட்டும். கதைச்சதைப் பிள்ளை அரைப் பக்கத்தில எழுதி ரண்டு பேரும் ஒவ்வொரு பிரதி வைச்சிருக்கிறது. பத்தாம் மாதம் குழுக் கண்காட்சி. எதிர்ப்பு இருந்தா இஞ்ச சொல்லுங்கோ.

கரித்துண்டு:
எனக்கு எதிர்ப்பு இருக்கு அண்ணை. யாழ்ப்பாணம் சின்ன ஊர். இண்டைக்கு மூத்தவரா வாறவர் நாளைக்குப் போட்டியில நடுவர், நாளையிண்டைக்குக் கண்காட்சிக்குப் படம் தெரிவு செய்யிறவர். அவரிட்டப் பிள்ளை "எனக்கு இது சரிவரேல்லை" எண்டு எப்பிடிச் சொல்லும்? பத்து மாதத்தில அவரின்ர நிறமும் அவரின்ர கோடும் பிள்ளையின்ர கையில ஏறிவிடும்.

அதோட, இந்தப் பிள்ளையள் இடறுறது படத்தில இல்லை, படம் முடிஞ்ச பிறகு. அக்ரிலிக் படத்தை நேரே பபிள் ரப்பில (குமிழ்த் தாளில) சுத்தி பஸ்ஸில கொழும்புக்கு அனுப்புவினம். எங்கட வெக்கைக்கு அக்ரிலிக் இளகும். பிரிக்கேக்க படம் முழுக்க வட்ட வட்டத் தழும்பு. கேக் தட்டில போடுற சிலிக்கன் தாளை முதல் வைச்சு, குமிழ் வெளிப்பக்கம் பார்க்கச் சுத்தினா அந்தப் பிரச்சினை இல்லை. கன்வசை உருட்டுறதெண்டா வர்ணம் வெளிப்பக்கம் இருக்கவேணும், உள்ளுக்க ஆறு அங்குலப் பிவிசி குழாய் வேணும். வர்ணத்தை உள்பக்கம் வைச்சு ஒடுக்கமா உருட்டினா நெரிபட்டு மடிப்பு விழும், எண்ணெய் வர்ணமெண்டா வெடிக்கும். இதைச் சொல்ல ஆறு பேருக்கு ஆறு குரு என்னத்துக்கு? மாதம் ஒருக்கா எல்லாரும் கூடுற வட்டம் போதும். ஒவ்வொரு முறையும் வேற வேற ஆள் வந்து கதைக்கட்டும்.

பனையோலை:
தம்பி, நீர் சொன்னதெல்லாம் ரண்டு சனிக்கிழமைப் பட்டறையில முடியிற விசயம். முடியாதது ஒண்டுதான்: ஒரே ஆள், ஒரே பிள்ளையின்ர வேலையை, தொடர்ந்து பார்க்கிறது. மாதத்துக்கொரு புது முகம் வந்தா ஒவ்வொருவரும் முதல் நாள் சொல்லுறதைத்தான் திருப்பிச் சொல்லுவினம். "நிறத்தைக் குறையும்" எண்டு ஒருவர், "கூட்டும்" எண்டு மற்றவர். நாலாம் மாதம் எடுத்த முடிவு எட்டாம் மாதம் எங்க கொண்டுபோய் விட்டதெண்டு ஆருக்குத் தெரியும்?

அச்சில வார்த்தமாதிரி வந்திடும் எண்ட பயமும் எல்லாருக்கும் பொருந்தாது. யாழ்ப்பாண ஓவியர் மாற்கு மாஸ்டரிட்ட (1933–2000) பழகினவதான் ஓவியர் வாசுகி ஜெயசங்கர். ரண்டு பேரின்ர படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாரும்.

கரித்துண்டு:
மாற்கு மாதிரி ஆறு பேரை இப்ப எங்க பிடிக்கிறது? நல்ல ஓவியரெல்லாம் நல்ல வழிகாட்டி இல்லை. திட்டத்தை ஆகச் சிறந்த ஆளை வைச்சு யோசிக்காதேங்கோ, நடுத்தரமான ஆளை வைச்சு யோசியுங்கோ.

மாற்கைப் பற்றிக் கதைச்சபடியால் இன்னொண்டும். 1995 இல போரால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயரேக்க அவரின்ர படங்கள் கனக்க இல்லாமல் போச்சு. இண்டைக்கும் இளம் ஆக்களிட்டத் தங்கட வேலைக்கு ஒழுங்கான பதிவு இல்லை. வெயில் நேரே படாத நிழல்ச் சுவரில படத்தைச் சாத்தி, போனை படத்தின்ர நடு உயரத்துக்கு வைச்சு, கொஞ்சம் தள்ளி நிண்டு ரண்டு மடங்கு சூம் பண்ணி எடுக்கவேணும். கிட்ட நிண்டு எடுத்தா ஓரம் வளையும். ஒரு படத்தில ஓரமா வெள்ளைத் தாள் தெரிஞ்சா நிறத்தைப் பேந்து சரிபார்க்கலாம். கோப்பின்ர பேரில தலைப்பு, ஊடகம், உயரம், அகலம், ஆண்டு. பிரதி ரண்டு வீட்டில. மூத்தவையிலயே எத்தனை பேர் இதைச் செய்யினம்?

தீவகத்தாள்:
ரண்டு பேரும் நகரத்துக்குள்ள நிண்டே கதைக்கிறியள். நெடுந்தீவில இருக்கிற பிள்ளையைப் பார்க்கிறதெண்டா குறிகட்டுவானில படகு ஏறவேணும். மூண்டு கிழமைக்கு ஒருக்கா எந்த மூத்தவர் போவார்? கரித்துண்டின்ர வட்டத்துக்கு வாறதெண்டாலும் பிள்ளைக்கு ஒரு முழு நாள் போகும், பயணக் காசு வேற. அந்தக் காசு திட்டத்தில முதல் வரியா இருக்கவேணும். இடையில போனில பார்க்கிறதெண்டா வட்ஸ்அப்பில படத்தைப் படமா அனுப்பாதேங்கோ, நெரிச்சுத் தரத்தைக் குறைச்சிடும். டொக்கியுமென்ற் எண்டு தெரிவு செய்து அனுப்புங்கோ. அப்பிடி அனுப்பினாலும் வர்ணத்தின்ர தடிப்புத் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில ஒரு கிட்டப்படம் சேர்க்கவேணும்.

பிறகு, ஒருவரும் வாய் திறக்காத விசயம். இளம் பெண்பிள்ளை தனிய வேலை செய்யிற அறைக்கு மூத்தவர் போறார். பகலில, வீட்டில வேற ஆள் நிக்கேக்க, கதவு திறந்தபடி எண்டு எழுதி வையுங்கோ. முறைப்பாடு சொல்ல மூத்தவர்களின்ர வட்டத்துக்கு வெளியில ஒரு பெண் பொறுப்பாளர் வேணும். "எங்கட ஆக்கள் அப்பிடி இல்லை" எண்டு ஆரும் மறுமொழி போடாதேங்கோ.

பனையோலை:
அக்கா சொன்ன ரண்டையும் அப்பிடியே சேர்க்கிறன்.

நீலச்சாயம்:
விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. இளையவர்கள் பரப்பளவை வைத்து விலை சொல்கிறார்கள். 30×40 சென்ரிமீற்றர் படம் 60×80 ஆகும்போது பரப்பு நாலு மடங்காகிறது, விலையும் நாலு மடங்காகி விற்காமல் நிற்கிறது. உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று பெருக்கினால் 70 இலிருந்து 140, இரண்டு மடங்கு மட்டுமே. உதாரணத்துக்கு 60×90 படம், சென்ரிமீற்றருக்கு 300 ரூபா என்றால் 45,000. காட்சியகம் 40 வீதம் எடுத்தால் 18,000 போய்விடும், கையில் 27,000. கன்வஸ், வர்ணம், பிறேம் 15,000 என்றால் மிச்சம் 12,000. எத்தனை நாள் வேலை என்று அதைப் பிரித்துப் பார்த்த பிறகு 300 ஐ உயர்த்துங்கள். திருவிழாவுக்கு வரும் கனடா உறவினருக்கு வீட்டில் 27,000 க்குக் கொடுத்தால் அடுத்த முறை காட்சியகம் உங்களைக் கூப்பிடாது. எங்கே விற்றாலும் ஒரே விலை.

படத்தை விற்றால் பதிப்புரிமையும் போய்விடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்த உரிமை கலைஞரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் நிற்கும். எழுத்தில் கொடுத்தால் ஒழிய, வாங்கியவர் அதை நாட்காட்டியில் அச்சடிக்க முடியாது.

கரித்துண்டு:
பார்த்தியளே அண்ணை, இதில ஒண்டாவது தனித்தனியாச் சொல்லவேண்டிய விசயமோ?

பனையோலை:
இல்லை. ஆனா இதெல்லாம் தெரிஞ்ச பிள்ளை அடுத்ததா என்ன வரையும்? அந்தக் கேள்விக்கு உம்மட வட்டத்தில மறுமொழி இல்லை. ஒண்டை மாத்துறன்: மூண்டாம் மாதம் காரணம் சொல்லாமலே மூத்தவரை மாத்துற உரிமை பிள்ளைக்கு. தன்ர பிள்ளை போட்டியிட்டா மூத்தவர் அதில நடுவரா இருக்கேலாது. தொழில் விசயத்துக்கு ரண்டு மாதத்துக்கு ஒரு பட்டறை, அதை நீர் பொறுப்பெடும்.

கரித்துண்டு:
பட்டறையை எடுக்கிறன். ஆனா கண்காட்சியைத் தூக்குங்கோ. கடைசியில கண்காட்சிச் சுவர் இருக்கெண்டா ஆறாம் மாதமே பரிசோதனை நிண்டிடும். பிள்ளை விக்கக்கூடியதைத்தான் வரையும், மூத்தவரும் தன்ர பேருக்காகத் திருத்தத் தொடங்குவார். வேலை செய்யிற அறையைத் திறந்து காட்டினாப் போதும்.

பனையோலை:
முடிவுத் திகதி இல்லாட்டி ஒருவரும் ஒண்டையும் முடிக்க மாட்டினம். கண்காட்சி நிக்கும்.

தீவகத்தாள்:
எதை வைச்சாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் வைக்காதேங்கோ. மழை ஈரத்தில கன்வஸ் தொய்யும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஊதும், கடதாசி வேலைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில முட்டாமல் பிறேமின்ர பின்பக்க நாலு மூலைக்கும் ஒரு சென்ரிமீற்றர் தக்கை ஒட்டுங்கோ. மாசியில தொடங்கினாப் பத்தாம் மாதம் கார்த்திகையில வந்து நிக்கும், நடு மழை. மார்கழியிலயே ஆக்களைத் தெரிவு செய்து தையில தொடங்கினாலும் ஐப்பசி. அப்ப கண்காட்சியை ஆவணிக்கு இழுங்கோ, இல்லாட்டி திட்டத்தை எட்டு மாதமாக் குறையுங்கோ. எதெண்டு முதல் சொல்லுங்கோ.